கண்டியின் கடைசி மன்னரும் வேலூர்க் கோட்டையும்

வேலூர் என்றதும் நம் ஈஜிபுராக் குடும்பங்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகந்தான் வரும். அங்கே போகும் அன்பர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கோட்டையையும் பார்த்துவிட்டு வர வேண்டுகிறேன். உள்ளே திப்பு மகால் என்றொரு கட்டடம், கண்டி மகால் என்று இன்னொன்று. முதலாவதன் கதை கன்னட நாட்டில் வாழும் நமக்குப் பழக்கமானது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் திப்பு சுல்தானின் குடும்பத்தாரைக் கம்பெனியார் வேலூரில் காவலில் வைத்தனர். 1806 ஜூலை 10-இல் சிப்பாய்ப் புரட்சி வெடித்ததும் கல்கத்தாவுக்கு அனுப்பினர். அதற்குப் பத்தாண்டு கழித்துக் கடல் கடந்து இங்கே கொண்டுவரப்பட்டவர்தான் கண்டி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்.

இயற்பெயர் கண்ணுசாமி. 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்கர் மரபில் நான்காமவர், கடைசி மன்னரும் அவரே. மதுரைப் பக்கத்திலிருந்து கண்டி அரசர்கள் பெண் எடுத்த உறவால் வந்த மரபு அது. 1798-இல் பட்டத்துக்கு வந்தவர், 1803-இல் படையெடுத்த ஆங்கிலேயரை முறியடித்தார். பிறகு சொந்தப் பிரதானிகளோடு பகை முற்றியது. 1814-இல் எஹலபொல என்ற பிரதானி ஆங்கிலேயரிடம் ஓடிவிட, அவருடைய மனைவி மக்களை மன்னர் கொல்வித்தார். இந்தக் கொடுமையை நாம் மறைக்க வேண்டியதில்லை. அது ஆங்கிலேயருக்கு நல்ல சாக்காகப் போயிற்று.

1815 பிப்ரவரி 18-இல் மன்னர் பிடிபட்டார். மார்ச் 2-இல் ஆளுநர் பிரவுன்ரிக்கும் கண்டிப் பிரதானிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மன்னர் பதவி இழந்தார் என்று சொன்னதோடு அது நிற்கவில்லை. அவருடைய உறவினர் யாவரும் அரசின் பகைவர் என்றது; வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் அனுமதியில்லாமல் திரும்பி வரக்கூடாது என்றது. தமிழரையும் அன்றைய ஆங்கிலேயர் அப்படித்தான் குறித்தார்கள். ஆக, தண்டனை ஒரு மன்னரோடு முடியவில்லை. அவர் பேச்சும் பிறப்பும் கொண்டவர்கள் மேலும் விழுந்தது. என்னைக் கேட்டால், இந்த வரலாற்றில் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் இதுதான். தலைமுறைகளாக ஓரிடத்தில் வேரூன்றியவர்களை ஒரே ஒரு ஷரத்து அந்நியராக்கிவிட்டது.

1816 ஜனவரியில் கொழும்பிலிருந்து கப்பலேற்றி, சென்னை வழியாக மன்னரை வேலூருக்குக் கொண்டுவந்தனர். ஆனால் நாடு அவரை அவ்வளவு சுலபத்தில் மறந்துவிட்டதா? 1817-இல் ஊவாவில் கலகம் மூண்டபோது, அதற்குத் தலைமை ஏற்றவர் தம்மை நாயக்கர் வழி வந்த துரைசாமி என்றே சொல்லிக்கொண்டார்! மன்னரை வேண்டாமென்ற பிரதானிகளில் ஒருவரான கெப்பெட்டிபொலவும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, 1818-இல் தலை வெட்டுண்டு மாண்டார்.

பதினாறு ஆண்டு வேலூர் வாசத்துக்குப் பின் 1832 ஜனவரி 30-இல் மன்னர் காலமானார். லண்டனுக்குப் போன அரியணை 1934-இல் இலங்கைக்குத் திரும்பியது. அதில் அமர்ந்தவர் திரும்பவில்லை. பாலாற்றங்கரையில் அவர் சமாதி இருக்கிறது. தமிழக அரசு 1990-இல் அங்கே முத்து மண்டபம் எழுப்பியது. பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். அந்த ஷரத்தின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.