வந்தவர் எத்தனை? வாங்கியவர் எத்தனை?

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலை வாங்குவோர் சிலர், சரிகையைச் சற்றே சுரண்டிப் பார்ப்பார்கள். நல்ல சரிகையாயின், தங்க முலாம் பூசிய வெள்ளி இழைக்குள் சிவப்புப் பட்டு நூல் தென்படும். மினுமினுப்பு மட்டும் தரத்துக்குச் சான்றாகாது. அந்தச் சேலையை இணையத்தில் விற்கும் வணிகர், காசு கொடுத்து வரவழைக்கும் பார்வையாளர்களையும் இவ்வாறே சோதிக்க வேண்டியிருக்கிறது.

விளம்பரதாரர் வாங்குவது பிறருடைய பார்வையை. எத்தனை பேர் பார்த்தனர் என்பதை விற்பவரே சொன்னால் எப்படி நம்புவது? இக்கேள்வி பத்திரிகை உலகில் முன்பே எழுந்தது. அதற்கு விடையாக 1914இல் அமெரிக்காவிலும், 1948இல் இந்தியாவிலும் பத்திரிகை விற்பனையைத் தணிக்கை செய்யும் அமைப்புகள் தோன்றின.

1994 அக்டோபரில் 'ஹாட்வயர்டு' என்னும் இணைய இதழில் பட்டை விளம்பரம் வெளிவந்தபோது, அதே கேள்வி புது உருவில் வந்தது. தொடக்கத்தில் கணிப்பொறிக்கு வந்த கோரிக்கைகளையே பலர் எண்ணினர். பத்துப் படங்கள் உள்ள பக்கத்தை ஒருவர் ஒரு முறை திறந்தாலே 11 கோரிக்கைகள் பதிவாகும். வந்தவரோ ஒருவர்தான்! 1998இல் 'கோடூ' என்னும் தேடுதளம், விளம்பரத்தைச் சொடுக்கினால் மட்டுமே கட்டணம் என்ற முறையைக் கொணர்ந்தது.

ஆனால், சொடுக்குவது மனிதர்தானா? 2016இல் அம்பலமான 'மெத்பாட்' மோசடியில், வாடகைக்கு எடுத்த 1,900க்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் மனிதரைப் போலவே சுட்டியை அசைத்து, விளம்பரப் படங்களை 'பார்த்தன'. விளம்பரதாரர்கள் இழந்தது 70 லட்சம் டாலருக்கும் மேல். இதை நடத்தியவருக்கு 2021இல் அமெரிக்க நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

அப்படியானால் தரத்தை அளப்பது எவ்வாறு? ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பட்டு வணிகர் ஒருவர் 2,000 ரூபாய் கொடுத்து ஓரிடத்திலிருந்து 1,000 பேரை வரவழைக்கிறார், வாங்கியவர் ஒருவரே. மற்றோரிடத்தில் 3,000 ரூபாய்க்கு 200 பேரே வந்தனர். அவர்களுள் அறுவர் வாங்கினர். வருகைக்கு ஆன செலவு முன்னதில் 2 ரூபாய், பின்னதில் 15 ரூபாய். வாங்கிய ஒருவருக்கான செலவோ முன்னதில் 2,000, பின்னதில் 500! மலிவாகத் தோன்றியதே விலை கூடியது.

ஆகவே, வந்தவர் பக்கத்தில் தங்கினாரா, அடுத்த பக்கம் சென்றாரா, விலை கேட்டாரா, மீண்டும் வந்தாரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே முகவரியிலிருந்து நொடிக்கு நொடி வரும் வருகைகளைத் தள்ளிவிட வேண்டும். இவ்வளவும் செய்யாமல் எண்ணிக்கையை மட்டும் கண்டு மகிழ்வது, சரிகையைச் சுரண்டாமலே சேலைக்கு விலை பேசுவதாகும்.