கோவென்ட்ரி நகரமும் ஒரு பாட்டும்

இங்கிலாந்தின் மத்தியப் பிரதேசத்திலுள்ள கோவென்ட்ரி, நாடா நெசவிலும் கடிகாரத் தொழிலிலும் கீர்த்தி பெற்று, அவ்விரண்டும் க்ஷீணித்தபோது சைக்கிள் தொழிலைக் கைக்கொண்டு, இன்றைய சைக்கிளுக்கு முன்மாதிரியான ரோவர் வண்டியை 1885-ல் உலகுக்கு அளித்து, அந்நூற்றாண்டு முடிவதற்குள் மோட்டார் தொழிலின் தாயகமாகவும் விளங்கிய நகரம். 1940 நவம்பர் 14-ஆம் தேதி இரவு ஜெர்மானிய விமானங்கள் பொழிந்த குண்டுகளால் அதன் புராதன தேவாலயமும் கடைவீதிகளும் நாசமாயின. ஆயினும் யுத்தம் ஓய்ந்ததும் நகரம் மறுபடி எழுந்து நின்றது. மோட்டார் தொழிற்சாலைகளில் கிடைத்த நல்ல கூலி, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் பல குடும்பங்களை அங்கே வரவழைத்தது.

இத்தகைய நகரத்தில் 1977-ல் தோன்றியதுதான் ‘தி ஸ்பெஷல்ஸ்’ என்னும் இசைக்குழு. அதன் கர்த்தாவான ஜெரி டாம்மர்ஸ், பாதிரியார் ஒருவரின் புதல்வராக 1955-ல் நம் உதகமண்டலத்தில் பிறந்து, பால்யத்திலேயே கோவென்ட்ரிக்குச் சென்றவர். ஜமைக்காவில் பிறந்த நெவில் ஸ்டேப்பிளும் லின்வால் கோல்டிங்கும் வெள்ளை இளைஞர்களோடு ஒரே மேடையில் நின்று, ஜமைக்காவின் ‘ஸ்கா’ இசையையும் இங்கிலாந்தின் ‘பங்க்’ ஆவேசத்தையும் இணைத்துப் பாடினர். 1979-ல் டாம்மர்ஸ் ஸ்தாபித்த ‘டூ டோன்’ இசைத்தட்டு நிறுவனத்தின் கறுப்பு வெள்ளைக் கட்டம், நிறபேதத்தை நிராகரித்த அவர்களுடைய கொள்கையின் சின்னமாயிற்று.

அதே சமயம் நகரத்தின் ஜீவனம் கரைந்துகொண்டிருந்தது. அதன் கான்லி பகுதியிலிருந்த டிரையம்ப் தொழிற்சாலையில் 1980-ல் கார் உற்பத்தி நின்றது. 1981-ல் பிரிட்டனில் வேலையற்றோர் தொகை 25 லட்சத்தைத் தாண்டியது. கிளாஸ்கோ நகரத் தெருவில் வயோதிக ஸ்திரீகள் தங்கள் வீட்டுக் கோப்பைகளையும் தட்டுகளையும் பரப்பி விற்றுக்கொண்டிருந்ததைக் கண்டு டாம்மர்ஸ் மனம் கலங்கினார். அந்தக் கலக்கமும், மூடிக்கிடந்த நடனசாலைகளின் துயரமும் சேர்ந்தே குழுவின் ‘கோஸ்ட் டவுன்’ என்னும் பாட்டாயின.

லெமிங்டன் ஸ்பா என்னும் சிற்றூரின் சிறிய ஒலிப்பதிவுக்கூடத்தில், ஜான் காலின்ஸின் மேற்பார்வையில் அப்பாட்டுப் பதிவாயிற்று. பாழிடத்தில் வீசும் காற்றைப் போன்ற ஒலியோடு தொடங்கி, மந்தகதியில் ஆர்கனும் பித்தளை வாத்தியங்களும் நகர, நடுவே பழைய நல்ல நாட்களை நினைவூட்டும் உற்சாகம் ஒரு கணம் எழுந்து, மீண்டும் ஓலத்தில் அமிழ்கிறது. ரிக்கோ ரோட்ரிகஸின் டிராம்போன் அந்தச் சோகத்துக்கு ஒரு கம்பீரத்தைத் தருகிறது. இசைத்தட்டின் மறுபுறத்திலோ, நிறவெறியரால் தாக்கப்பட்ட கோல்டிங், தாமே எழுதிய பாட்டில் அவர்களை நோக்கி நியாயம் கேட்கிறார்.

1981 ஏப்ரலில் லண்டனின் பிரிக்ஸ்டனில் மூண்ட கலகம், ஜூலையில் லிவர்பூலின் டாக்ஸ்டெத்திலும் வேறு நகரங்களிலும் பரவிய வேளையில், ஜூனில் வெளிவந்திருந்த இந்தப் பாட்டு மூன்று வாரங்கள் விற்பனையில் முதலிடம் வகித்தது. அந்த வெற்றியின் உச்சியிலேயே குழு பிளவுபட்டது. கோவென்ட்ரி இளைஞர்கள் ஆடிக் களித்த லோகார்னோ நடனசாலையோ, 1986-ல் நகரின் மத்திய நூலகமாயிற்று.

அரசாங்க அறிக்கைகள் வேலையிழந்தோரின் தொகையைச் சொல்லும். அத்தொகைக்குள் அடங்கிய இளைஞரின் ஏக்கத்தையும் அச்சத்தையும் இப்பாட்டே சொல்கிறது. ஆகையால் அந்தக் காலத்துப் பிரிட்டனின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், இந்த இசைத்தட்டையும் முதன்மையான சாட்சியங்களுள் ஒன்றாகக் கொள்ளவேண்டும் என்பது என் துணிபு.