சென்னையில் குழந்தை நலச் சமூகப்பணிக் கல்வி

சென்னையில் குழந்தை நலச் சமூகப்பணிக் கல்வி என்பது, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளுக்காகப் பணியாற்றச் சமூகப்பணி மாணவர்களை ஆயத்தப்படுத்தும் பயிற்சியைக் குறிக்கும். இது பெரும்பாலும் தனிப் பட்டமாக அன்றி, இரண்டாண்டு முதுகலைச் சமூகப்பணிப் படிப்பின் ஒரு பகுதியாகவே கற்பிக்கப்படுகிறது.

வரலாறு

இந்தியாவில் சிறுவருக்கென முதலில் இயற்றப்பட்ட மாகாணச் சட்டம் 1920 ஆம் ஆண்டின் சென்னைச் சிறுவர் சட்டம் ஆகும். சட்டம் முந்தியது, பயிற்சி பிந்தியது. நாட்டின் முதல் சமூகப்பணிப் பள்ளி 1936 இல் மும்பையில் தோன்றியது (இன்றைய டாடா சமூக அறிவியல் கழகம்). சென்னைச் சமூகப்பணிப் பள்ளியை 1952 இல் மேரி கிளப்வாலா ஜாதவ் நிறுவினார். இலயோலா, ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரிகளிலும் இத்துறை உண்டு.

களப்பணி

இக்கல்வியின் உயிர்நாடி களப்பணியே. மாணவர் வாரத்தின் சில நாட்களை இல்லம், பள்ளி, குடியிருப்பு போன்ற இடங்களில் கழித்து, கண்டதையும் செய்ததையும் எழுதி மேற்பார்வையாளரிடம் அளிப்பார்.

வடசென்னை இதற்குப் பொருத்தமான களம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் மீனவக் குடும்பங்கள் பல எர்ணாவூருக்கு இடம்பெயர்க்கப்பட்டன. அத்தகைய குடியிருப்பில் ஒரு சிறுவன் பள்ளிக்குச் செல்லவில்லை எனில், பெற்றோரின் அக்கறையின்மை என்று உடனே எழுதிவிடுவது எளிது. பழைய பள்ளியின் தொலைவு, தந்தை கடலுக்குச் செல்லும் நேரம், வீட்டில் தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்பனவற்றைக் கேட்டறிந்த பின்னரே முடிவுக்கு வர இயலும்.

இப்பழக்கம் தேவைப்படுவதற்குச் சட்டக் காரணமும் உண்டு. இளைஞர் நீதிச் சட்டம், 2015 இன்படி, மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். சமூக விசாரணையை 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். குழந்தை வீடு திரும்புவதா இல்லத்தில் தங்குவதா என்பதைக் குழு முடிவு செய்ய இவ்வறிக்கை பெரிதும் உதவுகிறது. நேரில் கண்டதையும் அண்டை வீட்டார் சொன்னதையும் பிரித்து எழுதத் தெரியாதவரின் அறிக்கை ஒரு குடும்பத்தையே பிரித்துவிடக்கூடும்.

இல்லங்களின் நிலையை அறிவதும் பயிற்சியில் அடங்கும். 2020 சூனில் இராயபுரம் அரசுக் குழந்தைகள் இல்லத்தில் 35 சிறுவர்களுக்குக் கொரோனா தொற்று உறுதியானபோது, உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து மாநில அரசிடம் விளக்கம் கோரியது.

பணிவாய்ப்பு

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தொண்டு நிறுவனங்கள், தத்தெடுப்பு முகமைகள் ஆகியவற்றில் பட்டதாரிகள் சேர்கின்றனர். 1098 உதவி எண் 1996 இல் டாடா கழகத்தின் களத்திட்டமாக மும்பையில் தொடங்கியது. தொண்டு நிறுவனங்கள் நடத்திவந்த இச்சேவை 2023 இல் அரசு நிருவாகத்தின் கீழ் வந்தது.

பாதுகாப்பு அலகுப் பதவிகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலானவை. எனவே அனுபவம் பெற்றவர்கள் வேறு துறைக்கு மாறிவிடுவதும், குழந்தை மீண்டும் ஒரு புதியவரிடம் தன் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல நேர்வதும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி, அரசுக் குழந்தை நலத் துறையில் குறிப்பிட்ட காலம் பணியாற்ற ஒப்புக்கொள்ளும் மாணவருக்கு நடுவண் நிதியிலிருந்து உதவித்தொகை வழங்கும் திட்டங்கள் பல மாநிலங்களில் உருவாயின.