பிரசவத்தோடு தீராத பிணி

கருவுற்ற பெண்ணின் குருதியமுக்கம் இருபதாம் வாரத்தின் பின் உயர்ந்து, பெரும்பாலும் சிறுநீரிற் புரதமும் காணப்படும் நிலையை வைத்தியர் முன்சூல்வலிப்பு என்பர். முற்றினால் அது வலிப்பாகித் தாயின் உயிரைக் குடிக்கும். 1843இல் இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் ஜோன் லீவர் என்பார் வலிப்புற்ற தாய்மாரின் சிறுநீரிற் புரதத்தைக் கண்டார். 1896இல் ரிவா ரொச்சி என்னும் இத்தாலியர் குருதியமுக்கத்தை எளிதில் அளக்கும் கருவியை அமைத்த பின்னரே நோயின் மற்றப் பாதி வெளிப்பட்டது.

பிள்ளை பிறந்தபின் இவ்விரண்டும் பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். தாய் பிழைத்தாள், வீடு சென்றாள் என்பதோடு வைத்தியரின் கவலையும் தீர்ந்தது. ஐம்பது வயதில் அவளுக்கு நெஞ்சுநோவு கண்டால், பழைய பிரசவத்தை யார் நினைப்பார்?

நினைத்தவர் ஒருவர் இருந்தார். லியோன் செஸ்லி வைத்தியரல்லர். வேதியியற் கூடத்தில் அமர்ந்த ஆய்வாளர். அமெரிக்காவின் யேர்சி நகரிலிருந்த மார்கரெட் ஹேக் மகப்பேற்று வைத்தியசாலையில், 1931 முதல் 1951 வரை சூல்வலிப்புக் கண்டு பிழைத்த 270 பெண்களின் பிற்கால வாழ்வை அவர் பல்லாண்டுகள் விடாது விசாரித்து வந்தார். இத்தகைய பொறுமை ஆராய்ச்சியுலகிலும் அரிது. வெள்ளையினப் பெண்களுள், முதற்பேற்றில் வலிப்புற்றோர்க்குப் பின்னாளில் மரணம் மிகவில்லை; அடுத்த பேறுகளில் வலிப்புற்றோரிடையே அது எதிர்பார்த்ததினும் மிகுந்திருந்தது. 1976இல் அவர் வெளியிட்ட அறிக்கையின் முடிவு இதுவே. உலகம் முன்பாதியைக் கேட்டு ஆறுதலடைந்தது, பின்பாதியை மறந்தது எனலாம்.

அவ்வாறுதலைக் குலைத்தது நோர்வே நாட்டின் பதிவேடு. அங்கு 1967 முதல் எல்லாப் பிறப்புகளும் பதியப்பட்டு வருகின்றன. 1992 வரையான ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புகளை மரணப் பதிவுகளோடு ஒப்பிட்டு 2001இல் ஆய்வொன்று வெளிவந்தது. முன்சூல்வலிப்போடு குறைமாதத்திற் பெற்ற தாய்மார், அந்நோயின்றி நிறைமாதத்திற் பெற்றோரினும் ஏறத்தாழ எட்டு மடங்கு மிகுதியாக இதய, குருதிக்குழாய் நோய்களால் இறந்திருந்தனர். இளவயது மரணங்களாதலின் தொகை சிறிதே. ஆயினும் அவ்வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று. 2007இற் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்களும், இந்நோய் கண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் உயர்குருதியமுக்கம் ஏறத்தாழ நான்கு மடங்கும், மாரடைப்பு முதலிய இதயநோய்களும் பாரிசவாதமும் இரு மடங்களவும் மிகக் கண்டனர்.

நோயே குருதிக்குழாய்களைக் கெடுக்கின்றதா, முன்னரே மறைந்திருந்த பலவீனத்தைக் கருப்பம் வெளிப்படுத்துகின்றதா என்னும் வாதம் இன்னும் தீரவில்லை. எக்காரணமாயினும், ஆண்டுதோறும் குருதியமுக்கத்தை அளந்து பார்த்தல் அப்பெண்ணுக்கு அவசியம். 2011இல் அமெரிக்க இதயச் சங்கம் முன்சூல்வலிப்பை இதயநோய்க்கான அபாயக் குறிகளுள் ஒன்றாகச் சேர்த்து, பெண்களிடம் பிரசவ வரலாற்றைக் கேட்டறியுமாறு வைத்தியர்களை வேண்டியது. செஸ்லியின் ஏட்டிலிருந்த கடைசிப் பெண் வீடு திரும்பி அப்போது அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.