கீமோ போர்ட் பதித்தவருக்குக் குளிர்க்காய்ச்சலா? விடியும்வரை காத்திருக்க வேண்டாம்

சிகாமட், லாபிஸ், குளுவாங் தோட்டப்புறங்களிலிருந்து ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்குப் புற்றுநோய் சிகிச்சைக்குப் போய்வரும் சிலருக்குக் காரை எலும்பின் கீழே, தோலுக்கடியில் ஒரு சிறு மேடு இருக்கும். அதுதான் கீமோ போர்ட். கீமோ மருந்து கைநரம்பை எரித்துச் சுருங்க வைத்துவிடும் என்பதால், 1980களின் தொடக்கத்திலிருந்து இந்த முறை பயன்பாட்டில் உள்ளது.

நாணய அளவிலான ஒரு கிண்ணம், அதன் மேல் சிலிகோன் மூடி, அதிலிருந்து இருதயத்துக்கு அருகில் உள்ள பெரிய இரத்தக்குழாய் வரை செல்லும் மெல்லிய குழாய். இவ்வளவுதான் அதன் அமைப்பு. மூடியைக் குத்த 'ஹூபர்' எனப்படும் தனி ஊசி உண்டு. சாதாரண ஊசி மூடியைச் சேதப்படுத்திவிடும்.

முழுவதும் தோலுக்குள் இருப்பதால் கிருமித் தொற்று குறைவு. 200 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான கணக்கு, போர்ட் உடலில் இருக்கும் ஒவ்வோர் 1,000 நாளுக்கும் இரத்தத் தொற்று சுமார் 0.1 என்கிறது. கழுத்தில் தற்காலிகமாகப் போடும் குழாய்களுக்கு அது 2.7. குறைவுதான், ஆனால் வந்துவிட்டால் கிருமி நேராக இரத்தத்தில் கலக்கிறது. கீமோ ஏற்றி ஒன்று, இரண்டு வாரங்களில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். எதிர்த்து நிற்க உடலில் படை இருக்காது.

போர்ட்டைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், வலி, சீழ் தெரிந்தால் யாரும் சுதாரித்துக்கொள்வார்கள். ஏமாற்றுவது, வெளியே ஒன்றுமே தெரியாத தொற்று. போர்ட்டில் மருந்து ஏற்றிய அல்லது கழுவிய சிறிது நேரத்தில் உடல் வெடவெடவென நடுங்கினால், குழாய்க்குள் கிருமி படிந்திருக்கலாம்.

வீடுகளில் நடப்பது என்ன? காய்ச்சல் என்றதும் பனடோல் இரண்டு போட்டுப் படுத்துவிடுவது. டெங்கி பரவும் காலமானால், 'அதுவாகத்தான் இருக்கும், நாளைக்குக் கிளினிக் போகலாம்' என்பது. கீமோ நோயாளிக்கு 38 டிகிரி காய்ச்சலே அவசரம். பனடோல் சூட்டைத்தான் இறக்கும், கிருமியை அல்ல. மருந்துக்கு முன் சூட்டை அளந்து பார்க்க வேண்டும். ஜொகூர் பாரு வரை ஓட வேண்டியதில்லை. சிகாமட், மூவார், பத்து பகாட், குளுவாங் என்று அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவே முதல் இடம். பதிவு செய்யும்போதே 'கீமோ எடுக்கிறார், போர்ட் இருக்கிறது' என்று சொல்லிவிட வேண்டும். வரிசையில் காத்திருக்கும் நேரம் அதனால் குறையும். கடும் தொற்று என்ற சந்தேகம் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயோடிக் ஏற்றுவது நல்லது என்பது மருத்துவ வழக்கம்.

அங்கே போர்ட்டிலிருந்தும் கையிலிருந்தும் தனித்தனியாக இரத்தம் எடுப்பார்கள். இரண்டு முறை குத்துகிறார்களே என்று கோபப்படக் கூடாது. போர்ட் இரத்தத்தில் கிருமி இரண்டு மணி நேரமாவது முந்தி வளர்ந்தால், மூலம் போர்ட்தான் என்று தெரிந்துவிடும். சில கிருமிகளை மருந்தால் அடக்கிப் போர்ட்டைக் காப்பாற்றலாம். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஓரியஸ், கேண்டிடா பூஞ்சை போன்றவை என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்; இவை குழாயின் உட்சுவரில் பசைபோல ஒட்டிக்கொள்பவை.

மேட்டின் மேல் மஞ்சள் பற்று, மூலிகைச் சாறு, தைலம் எதுவும் வேண்டாம். ஊசி குத்தியிருக்கும் நாள்களில் அந்த இடம் நனையக் கூடாது. ஊசி இல்லாதபோது, புண் ஆறியிருந்தால், வழக்கம்போலக் குளிக்கலாம். குத்தும் தாதி கைகழுவி, தோலைக் கிருமிநாசினியால் துடைத்து உலரவிட்டாரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பயன்படுத்தாத மாதங்களிலும் அட்டையில் குறித்த தேதியில் போர்ட்டைக் கழுவ வேண்டும். சிகிச்சை முடிந்து, இனி தேவையில்லை என்று மருத்துவர் சொன்னால், சிறு அறுவையில் எடுத்துவிடலாம்.