மெய்நிகர்க் கணினிகளில் வட்டுக் கேஷ்

வட்டுக் கேஷ் என்பது, வட்டிலிருந்து வாசித்த தரவையோ அதில் எழுதவேண்டிய தரவையோ வேகமிக்க நினைவகத்தில் சிறிதுகாலம் நிறுத்திவைத்துக் காரியத்தைத் துரிதப்படுத்தும் ஏற்பாடாகும். நிமிஷத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டில், வேண்டிய இடம் வாசிப்புமுனையின் கீழ் வந்துசேர்வதற்கே சராசரியாக 4 மில்லிவினாடிக்கு மேல் ஆகுமாதலால், நானோவினாடிக் கணக்கில் விடையளிக்கும் நினைவகத்தின் துணை அத்தியாவசியமாயிற்று.

ஒரு வட்டைப் பல சிறுவட்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு மெய்நிகர்க் கணினிக்கும் தனிவட்டு உண்டு என்னும் தோற்றத்தை உண்டாக்கும் முறை, 1967-இல் ஐ.பி.எம். கேம்பிரிட்ஜ் விஞ்ஞான மையத்தில் செயலுக்கு வந்த சி.பி.-40 அமைப்பின் வழித்தோன்றலாகும். 1972 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட வி.எம்./370 அதனை உலகறியச் செய்தது. அதே 370 வரிசையைச் சேர்ந்ததும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973-இல் நிறுவப்பெற்றதுமான ஐ.பி.எம். 370/155 யந்திரத்தில் மையச் செயலகத்திற்கும் பிரதான நினைவகத்திற்கும் இடையே கேஷ் அமைந்திருந்தது. வட்டுக் கட்டுப்பாட்டுச் சாதனத்திற்குள்ளேயே கேஷை அமைத்த ஐ.பி.எம். 3880-இன் 13-ஆம் மாதிரியோ 1981-இல்தான் வந்தது.

மெய்நிகர்க் கணினிகளை இயக்க உதவும் கே.வி.எம். 2007-இல் லினக்ஸின் கருவில் சேர்ந்தபின், கேஷை எவ்வடுக்கில் வைப்பது என்னும் விஷயம் சாமானியப் பொறியாளரின் நித்தியக் கவலையாயிற்று. மெய்நிகர்க் கணினிக்குள் ஓடும் விருந்தினர் இயங்குதளம் ஒரு தரவுப் பக்கத்தைத் தன் நினைவகத்தில் வைத்திருக்க, அதைத் தாங்கிநிற்கும் புரவலர் இயங்குதளமும் அதே பக்கத்தின் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுமாயின், அரிய நினைவகம் இருமுறை செலவாகிறது. அதனினும் பாரதூரமானது, 'எழுதியாயிற்று' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்னும் பிரச்சினை. எடுத்துக்காட்டாக, தளவாய்புரத்து நைட்டித் தயாரிப்பாளர் ஒருவரின் விற்பனைப் பட்டியல் மெய்நிகர்க் கணினியில் பதிவாகும்போது, தரவுத்தளம் வட்டில் சேர்க்கும்படி ஆணையிடுகிறது; மெய்நிகர்க் கணினியை இயக்கும் கியூ.இ.எம்.யு. மென்பொருளின் 'ரைட்பேக்' முறையில் அவ்வாணை புரவலர்வரை சென்று நிறைவேறியபின்பே விடை திரும்புகிறது. 'அன்சேஃப்' முறையிலோ ஆணை வழியிலேயே கைவிடப்படுவதால், அக்கணம் மின்சாரம் நின்றால் பட்டியல் மறைந்துபோகும். அம்முறை, இழந்தாலும் பாதகமில்லாத சோதனை நிறுவல்களுக்கு மட்டுமே உரியது என்பதில் இருகருத்துக்கு இடமில்லை. புரவலரின் கேஷை அறவே தவிர்க்கும் 'நன்' முறையில் இரட்டைப் பிரதி நீங்குகிறதாயினும், வட்டின் உள்ளே உள்ள கேஷ் எஞ்சியிருப்பதால் ஆணைகளின் அவசியம் குறைவதில்லை. கியூ.இ.எம்.யு. 1.2 பதிப்பு (2012), எழுதுந்தோறும் வட்டுவரை சென்று மீளும் பழைய 'ரைட்த்ரூ' முறையை இயல்புநிலையினின்று நீக்கி, 'ரைட்பேக்' முறையை அவ்விடத்தில் வைத்தது.

இச்சரித்திரத்தில் தமிழர் பங்கு குறிப்பிடத்தக்கது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி தொடங்கிய குளஸ்டர் நிறுவனத்தின் குளஸ்டர்எஃப்.எஸ்., பல சேவையகங்களின் வட்டுகளை ஒரே கோப்பமைப்பாக இணைப்பது. 2011 அக்டோபரில் ரெட் ஹாட் நிறுவனம் ஏறத்தாழ 136 மில்லியன் டாலருக்கு அந்நிறுவனத்தை வாங்கிற்று. தொடக்கத்தில் மெய்நிகர்க் கணினியின் ஒவ்வொரு வாசிப்பும் கருவுக்குள் புகுந்து, ஃப்யூஸ் என்னும் இடைவழியாக மீண்டும் பயனர் நிரலுக்கு வந்து அலைந்தது. 2012 டிசம்பரில் வந்த கியூ.இ.எம்.யு. 1.3, லிப்ஜி.எஃப்.ஏ.பி.ஐ. என்னும் நூலகத்தின் மூலம் குளஸ்டரோடு நேரே பேசி, அவ்வீண் பிரயாணத்தை ஒழித்தது. மெய்நிகர்க் கணினிகளுக்கென வகுக்கப்பட்ட குளஸ்டரின் அமைப்புத் தொகுதி, விரைவுவாசிப்பு, முன்வாசிப்பு, ஐ.ஓ. கேஷ் ஆகிய மூன்றையும் அணைத்துவிடுகிறது. விருந்தினரே தன் கேஷை வைத்திருக்கையில், கீழடுக்கில் மீண்டும் சேமிப்பது விரயமாதலின் இம்முடிவு முற்றும் நியாயமானதே.

ஆயினும், மெய்நிகர்க் கணினியின் வட்டு முழுவதையும் அடக்கிய பெரிய வட்டுப்பிம்பம் ஒரே கோப்பாயிருந்தமையால், சேவையகம் ஒன்று விழுந்து எழுந்தபின் அக்கோப்பு முழுவதையும் ஒப்பிட்டுச் சீர்ப்படுத்த நெடுநேரம் பிடித்தது; 2015-இல் வெளியான குளஸ்டர்எஃப்.எஸ். 3.7 பதிப்பு பிம்பத்தைச் சிறுதுண்டுகளாக வெட்டிவைத்து, மாறிய துண்டுகளை மட்டுமே சீராக்க வழிசெய்தது. ரெட் ஹாட் தன் குளஸ்டர் வணிகப் பதிப்பிற்கான ஆதரவை 2024 டிசம்பர் 31-இல் நிறுத்தியது. குளஸ்டரின் மூலநிரல் இன்றும் திறந்த மூலமாக உள்ளது.