ஒளியால் ஓர் அச்சகம் – 6: நடுங்கிய கோடு

போன வாரம், லேசரால் அச்சடிக்கக் கனவு கண்ட கேரி ஸ்டார்க்வெதரைக் கலிஃபோர்னியாவில், பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்து வாசலில் விட்டுவிட்டு வந்தோம். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று வாரம் முழுக்கக் காத்திருந்தவர்களை இனியும் காக்க வைப்பது பாவம். வாருங்கள், உள்ளே போய்விடலாம்.

1971. ஸ்டார்க்வெதர் முகத்தில் தெம்பு தெரிகிறது. தெரியாதா பின்னே? பழைய இடமான வெப்ஸ்டரில் மேலதிகாரி போட்ட போடு உங்களுக்கு நினைவிருக்கும். லேசர் வேலையை விடாவிட்டால் உன் ஆட்களை எடுத்துவிடுவேன் என்று மிரட்டினார். இங்கே அந்த மிரட்டல் இல்லை. கம்பெனி அதே ஜெராக்ஸ்தான். ஆனால், காற்று வேறு.

ஜெராக்ஸ் 7000 ரக நகல் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. அதைப் பிரித்து, உள்ளே லேசரைப் புகுத்த வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

லேசர் கற்றை அசையாமல் ஒரே இடத்தைத்தான் பார்க்கும். அதைத் தாளின் அகலம் முழுக்க ஓட விட வேண்டும். அதற்குத்தான் ஒரு சுழலும் கண்ணாடி. விளிம்பு முழுக்கப் பட்டை தீட்டிய சக்கரம். ஒவ்வொரு பட்டையும் ஒரு கண்ணாடி முகம். சக்கரம் சுழலச் சுழல, ஒவ்வொரு முகமும் தன் முறை வரும்போது கற்றையைத் தட்டிவிட்டு, நகல் இயந்திரத்தின் உருளையான டிரம்மின் மேல் ஒரு கோடு இழுக்கும். அடுத்த முகம், அடுத்த கோடு. டிரம் மெல்ல உருளும். கோடுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து ஒரு பக்கம் ஆகும்.

ஸ்டார்க்வெதர் கேட்டது சாதாரண வேகம் இல்லை. விநாடிக்கு ஒரு பக்கம்! அங்குலத்துக்கு 500 கோடு. 11 அங்குலத் தாள் என்றால் ஒரே விநாடியில் 5,500 கோடுகள். காகிதத்தில் கணக்குச் சரியாக வந்தது.

கண்ணாடியில்தான் வரவில்லை.

எந்தப் பட்டறையில் கடைந்தாலும் எல்லா முகங்களும் ஒன்றுபோல் அமையாது. ஒன்று மயிரிழை மேலே சாய்ந்திருக்கும். இன்னொன்று மயிரிழை கீழே. எவ்வளவு சாய்வு? ஒரு பாகையை 3,600 கூறு போடுங்கள். அதில் ஒரு கூறு, ஒரு விகலை. கண்ணாடி ஒரு விகலை சாய்ந்தால் திரும்பி வரும் ஒளி இரண்டு விகலை விலகும். பிரதிபலிப்பின் விதி அது. ஒரு மீட்டர் தூரம் போனால் அந்த விலகல் 0.01 மில்லிமீட்டர் ஆகிவிடும். சாய்வு பத்து விகலை என்றால் 0.1 மில்லிமீட்டர். இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே 0.05 மில்லிமீட்டர்தான்!

அதாவது, ஒரு கோடு தன் இடத்தை விட்டு இரண்டு கோடு தள்ளிப் போய் விழும்.

அதுவும் ஒருமுறை நடந்து போவதில்லை. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அதே முகம் அதே தப்பைச் செய்யும். ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் தப்பை நம் கண் உடனே பிடித்துவிடும். பக்கம் முழுக்க வரிவரியாகப் பட்டை தெரியும்.

"தூரம்தானே வில்லன்? டிரம்மைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நகர்த்தினால் போச்சு" என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. ஆனால், பக்கத்தில் வைத்தால் தாளின் அகலத்தை எட்டக் கற்றை அகலமாக வீச வேண்டும். சுழலும் வேகம் ஒன்றாக இருந்தாலும் நடுவில் மெதுவாகவும் ஓரங்களில் வேகமாகவும் ஒளி ஓடும். நடுவே நெருங்கி விழும் எழுத்துகள் ஓரத்தில் இளித்துக்கொண்டு நிற்கும். தள்ளி வைத்தால் நடுக்கம். கிட்ட வைத்தால் கோணல். இரண்டு பக்கமும் இடி.

மிச்சம் இருந்தவை இரண்டே வழிகள்.

ஒன்று, ஒரு விகலைகூடப் பிசகாமல் சக்கரத்தைக் கடைவது. செய்யலாம். ஆனால் ஒரு சக்கரத்துக்கே ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். அந்த விலையைக் கேட்டதும் வெப்ஸ்டர்காரர்கள் என்ன சொல்வார்கள்? "நாங்கள் அன்றைக்கே சொன்னோமே!"

இன்னொன்று, ஒவ்வொரு முகத்தின் தப்பையும் அளந்து, அந்தந்தக் கணத்தில் கற்றையை மின்னணுக் கருவியால் தூக்கி இறக்கித் திருத்துவது. விநாடிக்கு 5,500 தடவை! ஒரு சிக்கலைத் தீர்க்க அதைவிடப் பெரிய சிக்கலை வீட்டுக்குள் அழைக்கிற கதை.

ஸ்டார்க்வெதர் தன் அறையில் உட்கார்ந்தார். தாளை எடுத்தார். சிக்கலைக் கூறு கூறாக எழுத ஆரம்பித்தார். இந்தத் தொடரின் முக்கியமான மணி நேரம் இதுதான். நாமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து யோசிப்போம்.

கண்ணாடி சாய்ந்தால் எது மாறுகிறது? ஒளி கிளம்பும் திசை மாறுகிறது. சரி, எது மாறவில்லை?

ஒளி கிளம்பும் இடம்!

முகம் மேலே சாய்ந்தாலும் கீழே சாய்ந்தாலும், கற்றை புறப்படுவது கண்ணாடியின் அதே புள்ளியிலிருந்துதான்.

இப்போது நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு புள்ளியிலிருந்து பல திசைகளில் கிளம்பும் கதிர்களை மறுபடி ஒரே புள்ளியில் சேர்க்கும் பொருள் எது? ஒளியியல் படித்த எவருக்கும் தெரியும்.

லென்ஸ்.

கண்ணாடிக்கும் டிரம்முக்கும் நடுவே ஒரு லென்ஸ். கண்ணாடி முகத்தின் பிம்பம் டிரம்மின் மேல் விழும்படி தூரத்தைக் கணக்கிட்டு வைத்தால் போதும். மதகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தண்ணீர் கடைசியில் அதே ஏரிக்குத்தானே வந்து சேர வேண்டும்? அதுபோல, கற்றை எத்தனை விகலை தவறிக் கிளம்பினாலும் தன் கோட்டிலேயே வந்து விழும்.

ஆனால், ஒரு ஆபத்து.

வட்டமான சாதாரண லென்ஸை வைத்தால் அது மேல்-கீழ் நடுக்கத்தை மட்டும் அடக்காது. இட-வல ஓட்டத்தையும் சேர்த்து அடக்கிவிடும். கோடு முழுவதும் சுருங்கி ஒரே புள்ளியாகிப் போகும். நோயோடு நோயாளியும் காலி.

ஆகவே, மேல்-கீழாக மட்டும் வேலை செய்து, இட-வலமாக வெறும் ஜன்னல் கண்ணாடியாக நிற்கும் ஒரு லென்ஸ் வேண்டும். அப்படி ஒன்று உண்டா?

உண்டு. உருளை லென்ஸ்! கண்ணாடித் தண்டு ஒன்றை நீளவாக்கில் பிளந்தால் எப்படி இருக்கும், அந்த வடிவம். ஒரு திசையில்தான் வளைவு. இன்னொரு திசையில் நேர். புதிதாகக் கண்டுபிடிக்கக்கூட வேண்டியதில்லை. விற்பனைப் பட்டியலைப் பார்த்துச் சொற்ப விலைக்கு வாங்கிவிடலாம்.

லென்ஸ் வந்தது. வைத்துப் பார்த்தார்.

நடுக்கம் நின்றது.

யோசித்துப் பாருங்கள். ஸ்டார்க்வெதர் கண்ணாடியைத் திருத்தவில்லை. சக்கரம் அதே பழைய சக்கரம். சாய்வும் அப்படியே இருந்தது. பிழையை ஒழிக்க ஆயிரக்கணக்கான டாலரைக் கொட்டுவதற்குப் பதில், பிழை இருந்தாலும் பாதகம் இல்லை என்ற நிலையை உண்டாக்கினார். அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது அந்தப் புத்திதான். உங்கள் அலுவலகத்து லேசர் பிரிண்டர் மலிவான கண்ணாடியை வைத்துக்கொண்டு தெளிவாக அச்சடிப்பதும் அந்தத் தத்துவத்தின் தயவில்தான்.

அந்த ஆண்டு முடிவதற்குள் இயந்திரம் ஓடியது. கோடுகள் தத்தம் இடத்தில் விழுந்தன. விநாடிக்கு ஒரு பக்கம்! வெப்ஸ்டரில் முடியாது என்று தள்ளிய காரியம் பாலோ ஆல்டோவில் நடந்துகொண்டிருந்தது.

வெற்றிதானே? சுபம் போட்டுவிடலாமா?

பொறுங்கள். அந்தக் கற்றை எங்கே எரிய வேண்டும், எங்கே அணைய வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? கணினி சொல்ல வேண்டும். எட்டரை அங்குல அகலம், 11 அங்குல நீளம், அங்குலத்துக்கு 500 புள்ளி. பெருக்கிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 2 கோடியே 30 லட்சத்துக்கு மேல் புள்ளிகள் வருகின்றன. அத்தனையையும் ஒரே விநாடியில் சொல்லி முடித்தாக வேண்டும்.

அன்றைக்கு அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்த எந்தக் கணினியின் நினைவகமும் அதற்குப் போதாது.

உலகத்திலேயே வேகமான பேனா தயார். அதற்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அப்போது இரண்டு பேர் முன்வந்தார்கள். பட்லர் லாம்ப்சன், ரான் ரைடர். 2 கோடி புள்ளிகளை நினைவில் வைக்காமலே பக்கத்தை அச்சடிக்க முடியும் என்றார்கள்.

எப்படி?

(தொடரும்)